கவிழ்த்துப் பார்க்கிற ஊர்

முதல் கோப்பை மழைக்கு ஒதுங்கிய இடத்தில் கிடைத்தது. லாங்டன் கடைத்தெருவில் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். இங்கிலாந்து மழை நம் ஊர் மழைபோல் இடித்து முழக்கி அறிவித்துவிட்டு வராது. சட்டை நனைந்த பிறகுதான் பெய்கிறது என்றே தெரியும். பின்னால், தானமாக வந்த பழைய சாமான்களை விற்கும் ஒரு சாரிட்டி கடை திறந்திருந்தது. உள்ளே போய்விட்டுச் சும்மா நிற்க வெட்கப்பட்டு அலமாரிகளைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். யாரோ கழித்துப் போட்ட கோட்டுகள், பாதித் துண்டுகள் காணாமல் போயிருக்கக்கூடிய புதிர்ப் பெட்டிகள், எப்போதோ எவரோ ஓடி ஜெயித்த பந்தயக் கோப்பைகள். அவற்றுக்குக் கீழ்த்தட்டில் தேநீர்க் கோப்பைகள்.

ஒன்றை எடுத்தேன். வெளியே வெளிர் பச்சை, விளிம்பில் ஒரு தங்கக் கோடு, அவ்வளவுதான். வைத்துவிடலாம் என்று சாய்த்தபோது உள்ளே ஒரு ரோஜா தெரிந்தது. விளிம்புக்குச் சற்றுக் கீழே பாதி விரிந்த பூ, பக்கத்தில் இரண்டு மொட்டு, அங்கிருந்து இலைகளோடு ஒரு காம்பு அடிவரை இறங்குகிறது. கைப்பிடியை வலக்கையில் பிடித்தால் கண்ணுக்கு நேர் எதிரே வரும் உட்சுவரில் அதை வரைந்திருந்தார்கள். மேசைக்கு எதிரே இருப்பவருக்குத் தெரியாது. பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. குடிக்கிறவருக்கு மட்டும்.

கல்லாவில் இருந்த பாட்டி அதைச் செய்தித்தாளில் சுற்றியபடி, "குடிக்கவா, பார்க்கவா, டக்?" என்று கேட்டார். இந்த ஊரில் எல்லாரையும் 'டக்' என்றுதான் அழைப்பார்கள். வாத்து. வந்த புதிதில் திடுக்கென்றிருந்தது. இப்போது யாராவது பெயர் சொல்லி அழைத்தால்தான் என்ன தவறு செய்துவிட்டோம் என்று தோன்றுகிறது. குடிக்கத்தான் என்றேன். ஒன்றரை பவுண்டு. சாசர் இல்லை.

அன்று மாலை பால் விடாமல் டீ போட்டு அதில் ஊற்றினேன். முக்கால் கோப்பை நிரம்பியபோது பூவின் தலை மட்டும் டீக்கு மேலே நின்றது. ஒரு வாய் குடித்ததும் மொட்டு. இன்னும் இரண்டு வாய்க்கு இலை. கடைசியில் ஈரம் மினுங்கும் காம்பு. எந்தச் செடியும் பூவிலிருந்து தொடங்கிக் கீழ்நோக்கி வளர்ந்து நான் பார்த்ததில்லை. இரண்டாம் முறை ஊற்றிக் குடித்தேன், டீக்காக அல்ல.

அது நடந்து ஒன்பது ஆண்டுகள். இப்போது என்னிடம் 63 கோப்பைகள் இருக்கின்றன. சாசர்கள் 50க்குக் கொஞ்சம் மேல். 64ஆவது வந்தால் ஒன்று வெளியே போக வேண்டும் என்பது என் மனைவி போட்ட சட்டம். நல்ல சட்டம்தான். நான் அதை மீறுவதில்லை; சில சமயம் எண்ணிக்கையில்தான் தடுமாறுகிறேன்.

நான் டீக்கடைக்காரர் மகன். நீடாமங்கலத்தில் தாத்தா தொடங்கிய கடை, அப்பா காலத்தோடு மூடியது. எங்கள் கடையில் கோப்பை கிடையாது, கண்ணாடி கிளாஸ்தான். அப்பாவுக்கு டீயின் தரம் நாக்கில் இல்லை, கண்ணில் இருந்தது. முதல் கிளாஸை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து நிறம் பார்ப்பார். புதுச் செங்கல் நிறத்துக்கு ஒரு படி குறைவாக இருந்தால் சரி. வெளுத்தால் இலை போதவில்லை, கறுத்தால் பாய்லரில் கிடந்துவிட்டது. பச்சைக் கோப்பையை வீடியோ அழைப்பில் காட்டியபோது அவர் சொன்னது: "உள்ளே இருக்கிற சரக்கு வெளியே தெரியவில்லையே. இதை வைத்துக்கொண்டு எப்படி வியாபாரம் செய்வது?"

அந்தக் கடையில் கிளாஸ் மட்டும் இருந்ததாகச் சொன்னேன். அப்பா காலத்தில் அப்படி. தாத்தா காலத்தில் கூரையின் தாழ்வாரக் கம்பில் நான்கு அலுமினியக் குவளைகள் தனியே செருகியிருக்குமாம். சேரியிலிருந்து வருகிறவர்களுக்கு. அவர்களே எடுத்து நீட்ட வேண்டும், மேலிருந்து ஊற்றுவார்கள், நின்று குடித்துவிட்டு அவர்களே கழுவிப் பழைய இடத்தில் கவிழ்த்துச் செருகிவிட்டுப் போக வேண்டும். நான் அந்தக் குவளைகளைப் பார்த்ததில்லை. எப்போது போயின என்று அப்பாவைக் கேட்டால், "அப்போதே போய்விட்டது" என்பார். செங்கொடிக்காரர்கள் ஒரு நாள் கூட்டமாக வந்து உள்ளே உட்கார்ந்து கிளாஸில் டீ கேட்டதும்தான் போயிற்று என்று பக்கத்துச் சைக்கிள் கடைக்காரர் சொல்லித் தெரியும். கம்பு மட்டும் இருந்தது. அதில் நாங்கள் வாழைத்தார் கட்டுவோம்.

இதை இங்கே எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். பூப்போட்ட கோப்பைகளைப் பற்றி இதமாக ஒரு கட்டுரை எழுதலாம் என்று உட்கார்ந்தவன் நான். ஆனால் இந்த ஊரில் கோப்பைகளைத் தேட ஆரம்பித்ததிலிருந்து, யாருக்கு எந்தக் கோப்பை என்ற கேள்வி கூடவே வருகிறது.

லாங்டனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் என்பது ஒரு நகரமாகத் தெரிந்தாலும் உண்மையில் ஆறு ஊர். டன்ஸ்டல், பர்ஸ்லெம், ஹான்லி, ஸ்டோக், ஃபென்டன், லாங்டன். 1910இல் ஒன்றாகச் சேர்த்தார்கள். ஆறும் பீங்கான் ஊர்கள்தாம் என்றாலும், மெல்லிய தேநீர்க் கோப்பைக்குப் பேர்போனது லாங்டன். அயின்ஸ்லி, பாரகன், ராயல் ஆல்பர்ட், ஷெல்லி என்று சேகரிப்பவர்கள் வாயில் புழங்கும் பெயர்களெல்லாம் இங்கே சில தெருக்களுக்குள் அடங்கியவை. புட்டி வடிவச் சூளைகள் ஒரு காலத்தில் நகரம் முழுக்க ஏறத்தாழ 2,000 இருந்தன. இன்று 47 மிச்சம். லாங்டனில் கிளாட்ஸ்டன் என்ற பழைய பட்டறையை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். சூளைக்குள் நுழைந்து அண்ணாந்து பார்க்கலாம். உள்ளே நின்றால், தலைக்கு மேலே வட்டமாக ஒரு துண்டு வானம் மட்டும். கரிப்புகையில் தெருவே இருண்டிருந்த ஊர் இது. 1956இன் தூய காற்றுச் சட்டம் வந்த பிறகே வெளுத்தது. அந்தப் புகைக்குள் உட்கார்ந்துதான் இத்தனை ரோஜா வரைந்திருக்கிறார்கள்.

கோப்பை ஏன் அவ்வளவு மெல்லியதாக இருக்கிறது, ஒளிக்கு எதிரே பிடித்தால் ஏன் விரல் நிழல் தெரிகிறது என்பதற்குப் பதில் கொஞ்சம் சங்கடமானது. ஆங்கிலேயர்கள் இதை எலும்புப் பீங்கான் என்கிறார்கள். பெயர் அலங்காரத்துக்கு வைத்தது அல்ல. மாட்டெலும்பைச் சுட்டுப் பொடித்த சாம்பல் ஏறத்தாழ பாதி. மீதிப் பாதியில் வெள்ளைக் களிமண்ணும் கார்ன்வால் பகுதியில் கிடைக்கும் ஒருவகைப் பாறைத்தூளும். 1790களில் ஸ்டோக்கில் ஜோசயா ஸ்போட் இந்தக் கலவையைப் பக்குவப்படுத்தினார். 1,200 டிகிரி செல்சியஸுக்கு மேல் சுடும்போது எலும்புச் சாம்பல்தான் அந்தப் பால் வெண்மையையும் உறுதியையும் கொடுக்கிறது. சீனத்துப் பீங்கானில் லேசாக ஒரு நீலம் ஓடும். இதில் தந்தத்தின் சாயல்.

அம்மா ஆறு மாதம் வந்து தங்கியிருந்தபோது வாய் தவறி இதைச் சொல்லிவிட்டேன். அவர் கையில் அப்போது பாதி குடித்த கோப்பை. எங்கள் வீடு சைவம் இல்லை; ஆற்றுக் கெண்டை என்றால் அம்மா அடுப்படியைவிட்டு நகர மாட்டார். ஆனால் வெள்ளிக்கிழமை, கார்த்திகை, புரட்டாசி முழுக்க அடுப்பில் மீன் ஏறாது. கோப்பையைச் சாசரில் வைத்துவிட்டு அம்மா சற்று யோசித்தார். பிறகு, "இன்றைக்குச் செவ்வாய்தானே?" என்று கேட்டுவிட்டு மீதியைக் குடித்தார். அதன்பின் வெள்ளிக்கிழமைகளில் அவருக்கு எவர்சில்வர் டம்ளர். புரட்டாசி பிறந்ததும் 63 கோப்பைகளும் அவரைப் பொறுத்தவரை அலமாரிக்குள் போய்விட்டன.

அம்மாதான் இன்னொன்றையும் கண்டுபிடித்தார். என்னிடம் ராயல் வின்டன் தட்டு ஒன்று இருக்கிறது. எலும்புப் பீங்கான் அல்ல, சற்றுத் தடித்த மண்பாண்ட வகை. இம்மி இடம் விடாமல் சின்னச் சின்னப் பூக்கள் நெருக்கியடித்து முழுத் தட்டையும் நிறைத்திருக்கும். இந்த வகையை இங்கே 'சின்ட்ஸ்' என்பார்கள். ராயல் வின்டனைச் செய்த கிரிம்வேட்ஸ் நிறுவனம் 1928இல் 'மார்கரீட்' என்ற வடிவத்தைக் கொண்டுவந்ததிலிருந்து 1930கள் முழுக்க அதற்குப் பெரிய மவுசு. உண்மையைச் சொன்னால் எனக்கு இந்த வகை அவ்வளவாகப் பிடிக்காது. மூச்சுவிட இடமில்லாத பூ. அம்மா அதைத் துடைத்துக்கொண்டே, "இது சீட்டித்துணி மாதிரி இருக்கிறது. எனக்கு இப்படி ஒரு சீட்டிப் பாவாடை இருந்தது" என்றார்.

மாதிரி அல்ல, அதுவேதான். நாம் சீட்டி என்கிறோம், இந்தியில் சீண்ட், ஆங்கிலத்தில் சின்ட்ஸ். மூன்றும் ஒரே சொல். சோழமண்டலக் கரையில் சாயவேரால் சிவப்பேற்றிக் கையால் எழுதிய பருத்தித் துணிகளைக் கிழக்கிந்தியக் கம்பெனிகள் 17ஆம் நூற்றாண்டில் கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்குக் கொண்டுபோயின. லண்டன் சீமாட்டிகள் அவற்றில் மயங்கிப்போக, உள்ளூர்க் கம்பளி, பட்டு நெசவாளர்கள் கொதித்தெழுந்தார்கள். 1700இலும் மறுபடி 1721இலும் பிரிட்டன் தடைச்சட்டங்கள் போட்டது. 1774இல்தான் அது தளர்ந்தது. அதற்குள் பூ அவர்கள் கண்ணில் ஒட்டிக்கொண்டுவிட்டது. துணியிலிருந்து சுவருக்கும் திரைச்சீலைக்கும் போய், கடைசியில் தட்டிலும் ஏறியது. இந்த வரலாற்றை அம்மாவுக்குச் சொன்னேன். பாவாடையின் நிறம் என்ன என்று என்னைத் திரும்பக் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? கத்தரிப்பூ நிறம் என்று அவரே சொல்லிக்கொண்டார்.

பூ எப்படிக் கோப்பையில் ஏறியது என்பதைப் பார்க்க ஒரு சிறிய பூதக்கண்ணாடி போதும். பச்சைக் கோப்பையின் ரோஜாவை அதன் வழியே பார்த்தால் இரண்டு பேருடைய வேலை தெரியும். ஓரக்கோடு அச்சு. செம்புத் தகட்டில் செதுக்கிய கோடுகளில் வண்ணம் தடவி, மெல்லிய தாளில் ஒற்றி, அந்தத் தாளைக் கோப்பையில் பதித்துத் தேய்த்து எடுத்தது. கோட்டுக்குள் நிரப்பிய சிவப்பும் பச்சையும் கைவேலை. விரலால் தடவினால் தூரிகையின் மேடு தட்டுப்படும். மூன்றாவது இலையில் பச்சை கோட்டைத் தாண்டி அரை மில்லிமீட்டர் வெளியே போயிருக்கிறது. அவசரமா, தும்மலா, பக்கத்தில் இருந்தவர் ஏதாவது கேட்டாரா? கோப்பையின் அடியில், நிறுவன முத்திரைக்குத் தள்ளி, சிவப்பில் ஒரு '4', பக்கத்தில் ஒரு புள்ளி. அது விலையும் அல்ல, மாதிரி எண்ணும் அல்ல. வரைந்தவரின் அடையாளம். எண்ணிக்கைக்குக் கூலி என்பதால் யார் எத்தனை முடித்தார் என்று தெரிய வேண்டும். கோட்டைத் தாண்டியது யார் என்றும் தெரிய வேண்டும்.

வரைந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பெண்கள் என்றால் பூவுக்குக் கை வரும் என்று வைத்துக்கொண்டார்கள், ஆனால் கூலி ஆணுக்குக் கீழே. 19ஆம் நூற்றாண்டில், கை நடுங்காமல் இருக்க மணிக்கட்டுக்கு முட்டுக் கொடுக்கும் கட்டையைப் பெண்கள் பயன்படுத்தக்கூடாது என்று ஆண் ஓவியர்கள் பிடிவாதமாக நின்றார்கள். கட்டை இருந்தால் நுணுக்கமான வேலையைப் பெண்களும் செய்துவிடுவார்கள், அதற்குரிய கூலியைக் கேட்பார்கள் என்ற பயம். ஒரு மரக்கட்டைதான். யாருக்கு எது என்பதில் எவ்வளவு சிறிய சாமான்களெல்லாம் வந்து நிற்கின்றன பாருங்கள்.

குடிக்கும் பக்கத்திலும் அதே கதை. இங்கே வயதானவர்களிடம் பேசினால் முன்னறை அலமாரிச் சாமான் பற்றிச் சொல்வார்கள். பூப்போட்ட கோப்பைகள் பாதிரியாருக்கும் டாக்டருக்கும், சாவு வீட்டுக்கு வருகிற உறவினருக்கும். வீட்டாருக்கு அடுப்படியில் தடித்த குவளை. கோப்பையில் பாலை முதலில் ஊற்றுவதா, டீயை முதலில் ஊற்றுவதா என்பதில்கூட ஜாதகம் பார்த்துவிடுவார்கள். பாலை முதலில் ஊற்றுகிறவர்கள் கீழ்த்தட்டு என்று மேல்தட்டார் கேலி பேசிய காலம் உண்டு.

இரண்டாம் உலகப் போரின்போது அரசே கோப்பைகளைப் பிரித்தது. 1942 முதல் பிரிட்டனுக்குள் விற்கும் பாண்டங்களில் பூவோ கோடோ எதுவும் கூடாது, வெறும் வெள்ளைதான். பூப்போட்டது ஏற்றுமதிக்கு மட்டும், டாலர் வேண்டுமே. போர் 1945இல் முடிந்தது; தடை 1952இல்தான் முடிந்தது. பத்து ஆண்டுகள் லாங்டன் பெண்கள் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் ரோஜா வரைந்து அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்து வெள்ளைக் கோப்பையில் டீ குடித்தார்கள். 1950களிலும் 60களிலும் இங்கே பூ வெறிபிடித்தது போல் விற்றதற்கு எனக்கு வேறு காரணமே தேவையில்லை.

அந்த வெறியின் உச்சம் ராயல் ஆல்பர்ட்டின் 'ஓல்ட் கன்ட்ரி ரோசஸ்'. ஹரால்டு ஹோல்ட்கிராஃப்ட் வடிவமைத்து 1962இல் வந்தது. சிவப்பு, மஞ்சள், இளஞ்சிவப்பு ரோஜாக்கள், அலையடிக்கும் தங்க விளிம்பு. சாரிட்டி கடையில் எதுவும் இல்லாவிட்டாலும் இது இருக்கும். சேகரிப்பவர்கள் இதை மதிப்பதில்லை. நான் ஒன்று வைத்திருக்கிறேன். ஊரே விரும்பியதை மட்டம் தட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. புதிதாக வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை மட்டும். அடியில் 1962 என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து அறுபது வருடப் பழசு என்று விலை பேசாதீர்கள். அது வடிவுரிமை பதிவான ஆண்டு. பல ஆண்டுகள் கழித்துச் செய்தவற்றிலும் அதே எண் இருக்கும்.

அடிமுத்திரை படிக்கப் பழகினால் பொழுதுபோவதே தெரியாது. வெறுமனே 'இங்கிலாந்து' என்றிருந்தால் பெரும்பாலும் 1891க்குப் பிறகு. தங்கள் நாட்டுக்கு வரும் சரக்கில் உற்பத்தி நாட்டின் பெயர் வேண்டும் என்று அமெரிக்கா அந்த ஆண்டு கட்டாயமாக்கியது. ஷெல்லி என்ற பெயரோடு இருந்தால் 1910க்கும் 1966க்கும் இடையே என்று நம்பி வாங்கலாம்; அதற்கு முன் அதே பட்டறைக்கு வேறு பெயர்.

நான் ஏமாந்ததும் ஒரு ஷெல்லியில்தான். 'டெய்ன்டி' என்று ஒரு வடிவம். 1896இல் ரோலண்ட் மாரிஸ் வரைந்தது, பூவிதழ்போல் ஆறு மடிப்பு. கையில் எடுத்தால் எடையே இருக்காது. படத்தைப் பார்த்து இணையத்தில் வாங்கினேன். குறை ஏதும் இல்லை என்று விற்றவர் எழுதியிருந்தார். வந்த அன்று சூடான டீ ஊற்றித் தூக்கியபோது கைப்பிடி என் கையில் இருந்தது, கோப்பை என் மடியில் இருந்தது. உடைந்ததை ஒட்டி, மேலே வண்ணம் பூசி மறைத்திருக்கிறார்கள். டீச்சூட்டில் பசை விட்டுவிட்டது. பணம் திரும்பி வந்தது, தொடையில் கொப்புளம் பத்து நாள் இருந்தது. அன்றிலிருந்து நேரில் பார்க்காமல் வாங்குவதில்லை. கைப்பிடி சேரும் இடத்தில் நிறம் மாறுகிறதா என்று பார்க்கிறேன். நகத்தால் விளிம்பைச் சுண்டுகிறேன். நல்ல கோப்பை மணிபோல் இழுத்து ஒலிக்கும், விரிசல் விட்டது 'டொக்' என்று நின்றுவிடும். தேங்காய் வாங்கத் தட்டிப் பார்த்த அதே காதுதான். அந்த ஷெல்லி இப்போது எங்கள் அடுப்படியில் கடுகு வைக்க உதவுகிறது.

கைப்பிடி என்றதும் இன்னொன்று. 1930களில் பூவையே கைப்பிடியாக வைத்துப் பாரகன் சில கோப்பைகள் செய்தது. அயின்ஸ்லி வண்ணத்துப்பூச்சியை வைத்தது. பெரிய விலைக்குப் போகின்றன. ஒரு சந்தையில் தூக்கிப் பார்த்திருக்கிறேன். இதழின் முனை விரலில் குத்துகிறது, பூச்சியின் இறக்கை எப்போது உடையுமோ என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. குடிக்க முடியாத கோப்பைக்குக் காசு கொடுப்பதை என் அப்பா எந்த உலகத்தில் இருந்தாலும் ஏற்க மாட்டார்.

நான் எல்லாவற்றிலும் குடிக்கிறேன். வாரத்துக்கு ஏழு கோப்பை முன்தட்டுக்கு வரும். தங்க விளிம்பு இருப்பதால் மைக்ரோவேவ் கிடையாது, பாத்திரம் கழுவும் இயந்திரம் கிடையாது. தொட்டியின் அடியில் துண்டு விரித்துக் கையால்தான் கழுவுகிறேன். மிகப் பழையவற்றில் மெருகிலும் வண்ணத்திலும் ஈயம் இருக்கலாம் என்பதால் எலுமிச்சை பிழிந்த எதையும் அவற்றில் ஊற்றுவதில்லை. இரண்டு போய்விட்டன, ஒன்று மகளின் முழங்கை, ஒன்று என் அவசரம். போகட்டும்.

மகள் என்றதும் உறுத்துகிற விஷயம் ஒன்று. அவள் இடக்கைக்காரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பச்சைக் கோப்பையில் அவளுக்குப் பால் கொடுத்து, "குடிக்கக் குடிக்கச் செடி தெரியும், பார்" என்றேன். குடித்து முடித்து, எங்கே செடி என்றாள். இடக்கையில் பிடித்தால் ரோஜா அவள் பக்கத்துச் சுவரில், உதட்டுக்குக் கீழே போய் ஒளிந்துகொள்கிறது. எதிரே வெறும் வெள்ளை. குடிக்கிற எவருக்கும் பூ என்று நான் ஒன்பது ஆண்டுகளாக உருகிக்கொண்டிருந்த கோப்பையிலும் ஒருவர் தாழ்வாரத்தில் நிற்கிறார். அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு குழந்தை தேவைப்பட்டது. இப்போது அவளுக்கென்று அடியில் பூ வரைந்த கோப்பை ஒன்று வைத்திருக்கிறேன். எந்தக் கையில் குடித்தாலும் கடைசி வாயில் தெரியும்.

போன ஜனவரியில் வீட்டுச் சூடேற்றும் பாய்லர் நின்றுபோனது. பார்க்க வந்தவருக்கு அறுபது வயது இருக்கும். மண்டியிட்டு வேலை செய்துகொண்டிருந்தவரிடம் டீ வேண்டுமா என்றேன். "மக்கில் போதும், டக்" என்றார். எங்கள் வீட்டில் மக் இல்லை என்று பொய் சொன்னேன். பச்சைக் கோப்பையில் கொடுத்தேன். இப்போது அதற்கு வேறொரு கோப்பையின் சாசர் ஜோடி. வெளிர் பச்சைதான், அரை நிழல் வித்தியாசம்.

பெரிய விரல்கள். கைப்பிடிக்குள் ஒன்றுகூட நுழையவில்லை, கிள்ளுவது போல் பிடித்துக்கொண்டார். பேசாமல் குடித்தார். பாதியில் நிறுத்தி உள்ளே பார்த்தார், மறுபடி குடித்தார். முடித்ததும் இந்த ஊர்க்காரர்கள் எல்லாரும் செய்வதைச் செய்தார். கோப்பையைக் கவிழ்த்து அடியைப் படித்தார். ஓட்டலிலோ கல்யாண வீட்டிலோ தட்டு கைக்கு வந்தால் கவிழ்த்து யார் செய்தது என்று பார்க்காமல் ஸ்டோக்காரர்களால் சாப்பிட முடியாது. ஸ்போட் தொழிற்சாலை 2008இல் மூடியது. அயின்ஸ்லியின் லாங்டன் ஆலை 2014இல் மூடியது. ராயல் ஆல்பர்ட் ரோஜாக்கள் இந்தோனேசியாவுக்குப் போய்விட்டன. கவிழ்த்துப் பார்க்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. மிச்சமிருந்த ஒரு சொட்டு டீ அவர் மணிக்கட்டில் வழிந்தது; கால்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"நாலும் புள்ளியும்," என்றார். அவருடைய பாட்டி பூ வரைந்தவராம். பதினான்கு வயதில் பெஞ்சில் உட்கார்ந்தவர். அவருடைய அடையாளம் ஒரு சின்னப் பெருக்கல் குறி. எந்தக் கடையில் எந்தக் கோப்பையைப் பார்த்தாலும் அந்தக் குறியைத் தேடுகிறார், இதுவரை ஒன்று கிடைத்திருக்கிறது. பாட்டி வீட்டில் இப்படிக் கோப்பை இருந்ததா என்று கேட்டேன். சிரித்தார். இருந்ததாம், ஒன்று, சூளையில் கோணிப்போனது.

பாய்லருக்கு ஒரு பாகம் வாங்க வேண்டும், வியாழக்கிழமை வருகிறேன் என்று கருவிகளை எடுத்து வைத்தார். நான் எண் குறித்துக்கொள்ள பேனா தேடிப் போனேன். திரும்பி வந்தால் அவர் தொட்டியருகே நிற்கிறார். குழாயைத் திறந்து, அந்தப் பெரிய விரல்களால் கோப்பையின் உள்ளே ரோஜாவைச் சுற்றித் தேய்த்துக் கழுவி, கவிழ்த்து வைக்க இடம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வைத்துவிடுங்கள், வைத்துவிடுங்கள்," என்று நான் போட்ட சத்தத்தில் மாடியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தார். அவர் கையிலிருந்து கோப்பையை ஏறக்குறைய பிடுங்கிவிட்டேன். உடைத்துவிடுவேன் என்று பயப்படுகிறான் என்று நினைத்திருப்பார் பாவம். "பத்திரமாகத்தான் பிடித்திருந்தேன், டக்," என்றார்.